முதுகுவலி: எதற்குப் பொறுக்கலாம், எதற்கு உடனே கிளம்ப வேண்டும்

போன ஆடியில் ஒரு நாள் காலை, எங்கள் சிகிச்சை அறை வாசலில் ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு அக்கா இறங்கினார். விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றுபவர். மூன்று வாரமாக இடுப்பு வலி. இறங்கி நான்கு எட்டு நடந்தார். வலது கால் செருப்பு ஆட்டோ பக்கத்திலேயே கிடந்தது. அது கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை. ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறும் பாதமுமாக வந்து, "வலி இப்ப நல்லாக் கொறஞ்சிருச்சுங்க, காலு மட்டும் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்குது" என்று சிரித்தார்.

எனக்குப் பகீர் என்றது. வலி குறைந்தது உண்மைதான். ஆனால் பாதத்தை மேலே தூக்கும் நரம்பும் அதே நேரத்தில் வேலையை விட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஆபரேஷன் நடந்தது. பல மாதப் பயிற்சிக்குப் பிறகு பாதம் முக்கால்வாசி தேறியது. இப்போதும் குதிகாலில் வார் வைத்த செருப்புதான் போடுகிறார்.

பிசியோதெரபி வேலையில் 17 வருடம் ஆகிறது. இடுப்பு பிடித்துக்கொண்டு அழுதபடி தூக்கி வரப்பட்டவர்கள், பத்தே நாளில் சாதாரணமாக நடந்து போனதைப் பார்த்திருக்கிறேன். "சும்மா லேசா வலிக்குது" என்று வந்தவருக்கு முதுகெலும்பில் டி.பி. இருந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் வலி எவ்வளவு என்று நான் முதலில் கேட்பதில்லை. வலியோடு கூட என்ன வந்திருக்கிறது என்றுதான் கேட்பேன். கீழே இருப்பது அந்தக் கேள்விகள்தான், பெரும்பாலும் அவசரமானது முதலில். மூச்சுத் திணறலோ கிழிப்பது போன்ற வலியோ இருந்தால் மட்டும் நேராக அந்தப் பகுதிக்குப் போங்கள். மேலிருந்து படித்துக்கொண்டே வாருங்கள். உங்களுக்குப் பொருந்துகிற இடம் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

சிறுநீர் சரியாகப் போகவில்லை, உட்காருமிடம் மரத்திருக்கிறது

இது அரிது. ஆனால் வந்தால் மணி பார்க்க வேண்டிய விஷயம்.

முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடம், இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாவது எலும்போடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் தனித்தனி இழைகளாக, குதிரையின் வால் போலத் தொங்குகின்றன. சிறுநீர்ப்பைக்கும் மலவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் தொடை இடுக்குக்கும் உத்தரவு போவது இந்த இழைகள் வழியாகத்தான். எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பெரிதாகப் பிதுங்கி இந்தக் கற்றையை மொத்தமாக நசுக்கினால் அந்த இடமெல்லாம் ஒன்றாக மங்கத் தொடங்கும்.

எப்படித் தெரிந்துகொள்வது? கழிவறையில் கழுவும்போது தண்ணீர் படுவது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று கவனியுங்கள். ஒரு பக்கம் மந்தமாக, துணிக்கு மேல் தொடுவது போல இருந்தால் அது மரப்பு. சைக்கிள் சீட் படுகிற இடம் முழுக்க அப்படி இருக்கலாம். சிறுநீர் முட்டுவதே தெரியாமல் வயிறு உப்பி இருப்பது, வர வைக்க முக்க வேண்டியிருப்பது, வருவது தெரியாமல் துணி நனைவது, மலம் கசிவது, இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் வலியோ மரப்போ, உறவில் திடீரென்று உணர்வு இல்லாமல் போவது: இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் போதும். கடைசியாகச் சொன்னதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. வெட்கப்பட இது நேரமில்லை, மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நம் ஊரில் இதை மறைத்துவிடுகிற ஒரு விஷயம் உண்டு. சிறுநீரில் எந்தத் தொல்லை என்றாலும் "சூடு பிடித்துவிட்டது" என்று இளநீரும் வெந்தயத் தண்ணீரும் கொடுப்போம். நீர்க்கடுப்பில் எரியும், அடிக்கடி வரும், சொட்டுச் சொட்டாகப் போனாலும் முட்டிக்கொண்டிருப்பது நன்றாகவே தெரியும். நரம்பு நசுங்கினால் நேர்மாறு, அந்த உணர்வே குறைந்துகொண்டு போகும். ஒரு லாரி ஓட்டுநர், நாற்பது வயது கூட இல்லை, இடுப்பு வலியோடு இரண்டு நாள் இளநீர் குடித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் குழாய் போட்டபோது ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. இன்று அவர் நடக்கிறார், வண்டி ஓட்டுகிறார். சிறுநீர் மட்டும் தானாக வருவதில்லை. தினமும் நான்கு முறை அவரே குழாய் போட்டு எடுக்கிறார்.

அழுத்தத்தை ஆபரேஷன் மூலம் எடுப்பது 48 மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன்பே நடக்க வேண்டும். அதனால் விடியட்டும், திங்கட்கிழமை ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. வசதியும் முதுகெலும்பு அறுவை சிகிச்சை மருத்துவரும் இருக்கும் இடத்துக்கு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவாக இருந்தால் நல்லது, நேராகப் போங்கள். போனதும் "இடுப்பு வலி" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "இடுப்பு வலியோடு சிறுநீர் போகவில்லை, உட்காருமிடம் மரத்திருக்கிறது" என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.

பாதம் தூக்க வரவில்லை, செருப்பு கழன்றுகொள்கிறது

சுவரோரமாக நின்று, விழாமல் இருக்க ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, குதிகாலால் மட்டும் பத்து எட்டு நடந்து பாருங்கள். பாதத்தின் முன்பக்கம் தரையில் படக்கூடாது. அப்புறம் ஒற்றைக் காலில் நின்று நுனிவிரலில் ஐந்து முறை எழும்புங்கள், இரண்டு காலிலும் தனித்தனியாக. உட்கார்ந்துகொண்டு கால் கட்டைவிரலை மேலே தூக்கி, அதை வீட்டில் யாரையாவது கையால் அழுத்தச் சொல்லுங்கள். இடதும் வலதும் ஒரே பலமாக இருக்க வேண்டும்.

வலிப்பதால் செய்ய முடியாமல் போவது வேறு, வலி இல்லாமலே பாதம் பேச்சைக் கேட்காமல் தொங்குவது வேறு. இரண்டாவதாகச் சொன்னது நரம்பின் பலம் போவதற்கான அடையாளம். நடக்கும்போது பாதம் 'டப்' என்று தரையில் விழும் சத்தத்தை வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். அன்றைக்கே எலும்பு மருத்துவரையோ நரம்பு மருத்துவரையோ பாருங்கள். வலி குறைந்துவிட்டது என்பது இங்கே தள்ளிப்போடக் காரணமே ஆகாது.

கையிலும் தடுமாற்றம் இருந்தால், சட்டைப் பொத்தான் போட வரவில்லை, சோறு பிசையும்போது விரல் சொன்னபடி கேட்கவில்லை, நடை தள்ளாடுகிறது என்றால், கோளாறு கழுத்தில் இருக்கலாம். அதுவும் காத்திருக்கிற விஷயம் இல்லை.

வலி காலுக்கு இறங்குகிறது, ஆனால் பலம் இருக்கிறது

பிட்டத்தில் ஆரம்பித்துத் தொடையின் பின்பக்கமாக, முழங்காலைத் தாண்டி, பாதம் வரை மின்சாரம் பாய்வது போல இறங்கும். இருமினாலும் தும்மினாலும் சுள்ளென்று கூடும். சயாட்டிகா என்று எல்லோருக்கும் தெரிந்த பெயர். பெரும்பாலும் கடைசி இரண்டு டிஸ்குகளில் ஒன்று நரம்பைத் தொடுவதால் வருகிறது.

இது பயமுறுத்துகிற வலி. ஆனால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் ஆபரேஷன் இல்லாமலே அடங்குகிறது. பிதுங்கிய டிஸ்கை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது, பின்னால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் அது சுருங்கியிருப்பது தெரியும். முதல் வாரத்தில் ஒரு முறை மருத்துவரைப் பார்த்து, பலம் சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆறு வாரம் ஆகியும் தூக்கம் கெடுகிற அளவுக்கு வலி இருந்தாலோ, நடுவில் மேலே சொன்ன குதிகால் சோதனையில் தோற்றாலோ திரும்பப் போங்கள். இந்த நாட்களில் அந்தச் சோதனையைத் தினமும் காலையில் ஒரு தடவை செய்துவிடுவது நல்ல பழக்கம்.

மூச்சுத் திணறல், வியர்வை, கிழிப்பது போன்ற வலி

முதுகில் வலித்தாலும் காரணம் முதுகாக இல்லாத சில உண்டு. தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் திடீரென்று கிழிப்பது போல வலி, நெஞ்சில் பாரம், குப்பென்று வியர்வை, மூச்சு வாங்குவது என்றால் மாரடைப்பாகவோ பெரிய ரத்தக்குழாய் கிழிவதாகவோ இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமல் முதுகு வலியாகவோ, வெறும் அசதியாகவோ வருவது உண்டு. "வாய்வு பிடிப்பு" என்று பூண்டும் ஓமமும் கொடுத்துப் பார்க்க நேரம் இல்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். வருடக்கணக்காகப் புகைப்பவர், 60 வயதைத் தாண்டியவர், திடீரென்று வயிறும் இடுப்பும் சேர்ந்து வலித்து மயக்கம் வந்தாலும் அப்படியே.

சிறுநீரகக் கல்லுக்கு ஓர் எளிய அடையாளம். முதுகு பிடித்தவர் அசையாமல் கிடப்பார், அசைந்தால் உயிர் போகும். கல் அடைப்பு வந்தவருக்கு ஒரு இடத்தில் இருக்கவே முடியாது. புரள்வார், எழுவார், நடப்பார், குந்துவார், எந்த நிலையிலும் நிம்மதி இருக்காது. விலாவில் ஆரம்பித்து அடிவயிறு, தொடை இடுக்கு வரை அலை அலையாக இறங்கும். இதோடு குளிர் காய்ச்சல் நடுக்கமும் சேர்ந்தால், அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்திருக்கிறது என்று பொருள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. மேல் வயிற்றில் துளைத்துக்கொண்டு முதுகுக்குப் போகும் வலி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை, வாந்தி நிற்கவில்லை என்றால் கணையம். குடிப்பவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம்.

அக்கியும் முதுகுவலி மாதிரிதான் தொடங்கும். முதுகின் ஒரு பக்கம் மட்டும், ஒரு பட்டை போல, துணி பட்டாலே எரியும். இரண்டு மூன்று நாள் கழித்து அதே பட்டையில் கொப்புளம் கிளம்பும். மண்பாண்டம் செய்பவர்களிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொள்கிற பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவரையும் பார்த்து மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள். வயதானவர்களுக்குக் கொப்புளம் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் அந்த எரிச்சல் நீடிப்பது உண்டு.

சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது, சட்டை தொளதொள என்று ஆகிவிட்டது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நம் நாட்டில் முதுகுவலியைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட முடியாது.

காசநோய் என்றால் இருமல், சளி, ரத்தம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது எலும்பிலும் வரும், எலும்புகளில் முதுகெலும்பைத்தான் அதிகம் பிடிக்கும். இருமலே இருக்காது. லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779-இல் இதை விவரித்து எழுதியதால் இன்றும் மருத்துவப் புத்தகங்களில் அவர் பெயரில்தான் வழங்குகிறது. கிருமி மெதுவாக வேலை செய்யும். முதலில் ஒரே இடத்தில் மந்தமான வலி. வாரங்கள் மாதங்களாகும். ஓய்வெடுத்தாலும் போகாது, ராத்திரியில் கூடும். சாயங்காலத்தில் லேசான காய்ச்சல், பசி இல்லை, ராத்திரி வியர்வை, எடை இறங்குகிறது. சிலருக்குக் காய்ச்சல் கூட இருப்பதில்லை, வலியும் எடை குறைவும் மட்டும்தான். எலும்பு அரித்து முன்பக்கம் சரிந்தால், முதுகில் கூராக ஒரு முடிச்சு தட்டுப்படும். கூன் விழுந்த பின்னால், கால் இரண்டும் பலம் இழந்த பின்னால் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. ஏனென்றால் இது மாத்திரையில் குணமாகிற நோய்.

சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் இதற்கு முக்கியமானவை. முதுகெலும்பு டி.பி. வந்தவர்களில் பெரும்பாலோரை மாதக்கணக்கில் கட்டுப் போட்டுப் படுக்க வைக்காமல், நடமாட விட்டுக்கொண்டே மருந்தில் குணப்படுத்த முடியும் என்று அங்கே காட்டினார்கள். ஆபரேஷன் சிலருக்கு மட்டும்தான் தேவைப்படுகிறது. மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். சத்தான சாப்பாட்டுக்கென்று மத்திய அரசு கொடுக்கும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய். ஆனால் மருந்தை ஒரு வருடமோ அதற்கு மேலோ விடாமல் சாப்பிட வேண்டும், வலி போய்விட்டது என்று மூன்றாவது மாதம் நிறுத்தக் கூடாது.

ஆகவே, ஒரு மாதத்துக்கு மேல் முதுகுவலி இருந்து, காய்ச்சலோ எடை குறைவோ சேர்ந்திருந்தால், தைலம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் போங்கள். வீட்டில் யாருக்காவது முன்பு டி.பி. இருந்ததா, உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். மாடு வளர்ப்பவர்கள், காய்ச்சாத பால் குடிப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும், கால்நடையிலிருந்து வரும் புருசெல்லா என்ற கிருமியும் இதே மாதிரி காய்ச்சலும் முதுகுவலியும் கொடுக்கும்.

இங்கே சுளுக்கு எடுப்பவரிடம் போவது ஆபத்து. தசைப் பிடிப்புக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்டால் இதமாகத்தான் இருக்கும், அதை நான் குறை சொல்லவில்லை. அரித்துப்போன எலும்பின் மேல் காலால் மிதித்தாலோ, முறுக்கிச் சொடுக்கெடுத்தாலோ எலும்பு நொறுங்கி நரம்பு நசுங்கலாம்.

நேற்றுவரை நன்றாக இருந்து, இன்று திடீரென்று கடும் காய்ச்சலோடு முதுகும் மூட்டும் சேர்ந்து வலித்தால் அது வேறு கதை: டெங்கு, சிக்குன்குனியா, மழைத் தண்ணீரில் நடந்தவர்களுக்கு எலிக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கும் வரை பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை டெங்குவில் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

கீழே விழுந்தார், அல்லது விழக்கூட இல்லை

மாடியிலிருந்தோ மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்து முதுகு வலித்தால் யாருக்கும் சந்தேகம் வராது, அசைக்காமல் படுக்க வைத்து 108-இல் கொண்டு போவோம். வயதானவர்கள் விஷயத்தில்தான் ஏமாந்துவிடுகிறோம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு மெலிந்துகொண்டே போகிறது. பேருந்தின் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்த ஒரு பாட்டிக்கு, வேகத்தடையில் ஒரு தூக்கு தூக்கிப் போட்டதில் முதுகெலும்பு உள்ளுக்குள் நசுங்கியிருந்தது. "விழவே இல்லையே சாமி, பஸ்ஸில உக்காந்துதானே வந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலும், பலமாக இருமினாலும் கூட இப்படி ஆகலாம்.

அம்மாவின் சேலைக் கொசுவம் முன்பு சரியாக நின்றது, இப்போது தரையில் புரள்கிறதா? உயரம் குறைந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று நடு முதுகிலோ இடுப்பிலோ வலி வந்தால் அந்த வாரத்துக்குள் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதே கணக்கு. பெயர் ஒட்டாத பொட்டலத்தில் "வலி மருந்து" வாங்கிச் சாப்பிடுபவர்களும் இதில் சேர்த்தி, அதற்குள் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு.

ராத்திரி முழுக்க வலி, எப்படிப் படுத்தாலும் போகவில்லை

சாதாரண முதுகுவலிக்கு ஏதாவது ஒரு நிலை இதமாக இருக்கும். எந்த நிலையிலும் அடங்காமல், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிற வலி, முன்பு மார்பு, புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றில் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவருக்கு வந்தால் தாமதிக்காமல் அதே மருத்துவரிடம் போங்கள். பத்து வருடம் ஆகிவிட்டதே என்று நினைக்க வேண்டாம். முன்பு புற்றுநோய் இல்லாதவர்களும், 50 வயதுக்கு மேல் முதல் முறையாக இப்படி ஒரு வலி வந்தால் பார்த்துவிடுவது நல்லது.

காலையில் எழுந்தால் கட்டை மாதிரி, வேலை செய்தால் சரியாகிறது

இளம் வயதுப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும். காலையில் அரை மணி, ஒரு மணி நேரம் விறைப்பு. குளித்து நடமாடினால் தேவலை. ஞாயிற்றுக்கிழமை படுத்தே கிடந்தால் அன்றுதான் மோசம். விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு வலி எழுப்பிவிடும். ஒரு நாள் இடது பிட்டம், இன்னொரு நாள் வலது. மூன்று மாதத்துக்கு மேல் இப்படியே ஓடுகிறது. இது டிஸ்க் கோளாறு இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்கும் வாதம். விட்டுவிட்டால் பல வருடங்களில் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி முதுகு மூங்கில் போல ஆகிவிடும். நடுவில் கண் சிவந்து வலித்ததா, சோரியாசிஸ் என்ற தோல் நோய் இருக்கிறதா என்பதும் துப்பு.

எங்களிடம் வந்த ஒரு தம்பி, 24 வயது, நூற்பாலையில் வேலை. நான்கு வருடமாக "நைட் ஷிப்ட் பார்க்கிறதால வர்ற வலி" என்று நம்பிக்கொண்டிருந்தார். குனிந்து சாக்ஸ் போட முடியாமல் போன பிறகுதான் வந்தார். பார்க்க வேண்டியது மூட்டு வாத நோய் நிபுணரை. நல்ல மருந்துகள் இருக்கின்றன, உடற்பயிற்சியும் இதில் மருந்துதான்.

நடந்தால் கால் கனக்கிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது

60 வயதுக்கு மேல் இருப்பவர்களுக்கு முதுகெலும்புக்குள் நரம்புகள் போகும் குழாய் குறுகுவதால் வருவது. நூறு அடி நடந்தால் கால் கனக்கும், குனிந்தாலோ உட்கார்ந்தாலோ சரியாகும். சைக்கிள் மிதிக்க ஒன்றும் தெரியாது. அவசரம் இல்லை, இந்த மாதத்துக்குள் மருத்துவரைப் பார்த்தால் போதும். நின்றாலே போதும், உட்கார வேண்டியதில்லை என்றால் காலின் ரத்த ஓட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

குழந்தைகள், கர்ப்பிணிகள்

பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தை முதுகு வலி என்று சொன்னால் புத்தகப் பையின் மேல் பழி போட்டு விட்டுவிடாதீர்கள். ஓரிரு வாரம் நீடித்தாலோ, விளையாட்டையே நிறுத்திவிட்டாலோ காட்டுங்கள். வேகப்பந்து வீசுகிற பையன்களுக்கு இடுப்பின் ஒரு பக்கம், பின்னால் வளையும்போது வலித்தால் எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கலாம். பந்து வீசுவதை நிறுத்தினால் ஆறும், வலியோடு வீசினால் ஆறாது.

கர்ப்பிணிகளுக்கு இடுப்பு வலி சகஜம். ஆனால் 37 வாரத்துக்கு முன்பு வலி விட்டு விட்டு, ஒரு தாளத்தில் வந்தால், நீரோ ரத்தமோ கசிந்தால் உடனே பிரசவ ஆஸ்பத்திரி. சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் பத்து வருடமாக வலிக்கிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான். ஊசிக்கும் நெடுநாள் முதுகுவலிக்கும் இடையில் ஆய்வுகளில் தொடர்பு தெரியவில்லை. ஊசியைக் குற்றம் சொல்லிக்கொண்டே உண்மையான காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுவதுதான் என் கவலை.

இவை எதுவும் இல்லை என்றால்

நல்லது. சமையல் சிலிண்டரைத் தூக்கினேன், நாற்று நட்டேன், நெடுநேரம் பைக் ஓட்டினேன், பிடித்துக்கொண்டது என்று வருகிற பெரும்பாலான முதுகுவலி இந்த வகைதான். ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும்.

ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் படுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை, அல்லது கெண்டைக்காலை நாற்காலி மேல் தூக்கி வைப்பது. வெந்நீர் ஒத்தடம் நன்றாகக் கேட்கும், நொச்சி இலை வதக்கிக் கட்டினாலும் சரி, ரப்பர் பை வைத்தாலும் சரி, வேலை செய்வது அந்தச் சூடுதான். மூன்றாம் நாள் வலித்தாலும் எழுந்து மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் நடங்கள். வாரக்கணக்கில் படுத்தால் தசை இளைத்து வலி நிரந்தரமாகத் தங்கிவிடும். தரையில்தான் படுக்க வேண்டும் என்பதும் கட்டாயம் இல்லை. ஸ்பெயினில் 313 பேரிடம் நடத்தி 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், கட்டாந்தரை மாதிரியான கெட்டி மெத்தையை விட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது. தரையிலிருந்து எழும்போது படும் பாடும் மிச்சம்.

வலி மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள் கூட வேண்டாம். பிட்டத்தில் போடும் வலி ஊசி இடம் தவறி நரம்பில் பட்டுக் கால் தொங்கிப்போனவர்களும் உண்டு.

அப்புறம் ஸ்கேன். முதல் வாரத்திலேயே எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வருகிறார்கள், ரிப்போர்ட்டில் "டிஸ்க் பல்ஜ்" என்று இருக்கிறது, அதைப் பார்த்த நாளிலிருந்து குனியவே பயப்படுகிறார்கள். முதுகுவலியே இல்லாத 3110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. 20 வயதுக்காரர்களில் 30 சதவீதத்துக்கும், 50 வயதுக்காரர்களில் 60 சதவீதத்துக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. நரை முடி மாதிரிதான் இதுவும். மேலே சொன்ன அடையாளம் ஏதாவது இருந்தால் ஸ்கேனை ஒரு நாள் கூடத் தள்ளாதீர்கள், இல்லை என்றால் அந்தப் பணத்தை ஆறு வாரம் கையிலேயே வைத்திருங்கள். ஆறு வாரம் ஆகியும் வேலைக்குப் போக முடியவில்லை என்றால் எடுக்கலாம்.

போகும்போது

எப்போது ஆரம்பித்தது, எந்த நேரத்தில் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது, காய்ச்சல், எடை, சிறுநீர், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் ஆறு வரி எழுதிக்கொண்டு போங்கள். அங்கே கிடைப்பது ஐந்து நிமிடம், அதில் பாதி யோசிப்பதிலேயே போய்விடும். எழுந்து வரவே முடியாத பெரியவர்கள் என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

தினமும் போடுகிற செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள், புதுசு வேண்டாம். மருத்துவர் கேட்காவிட்டாலும் கழற்றி அடிப்பக்கத்தைக் காட்டுங்கள். ஒரு செருப்பின் முனை மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால், அந்தக் கால் நாள்கணக்கில் இழுபட்டுக்கொண்டிருக்கிறது.